ஜப்தி வீட்டுக்குத் தரகு யார் தருவது?

(கலிபோர்னியாவில் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் இருக்கும் பலர் அமெரிக்காவில் வீடு வாங்கியிருப்பீர்கள். இன்னும் சிலர் வாங்குவதற்குப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பீர்கள். கடன் கட்ட முடியாமல் வங்கியின் கைக்குப் போன வீடு மலிவாகக் கிடைக்கும் என்ற பேச்சு நம் வீட்டு விசேஷங்களில் அடிக்கடி அடிபடுகிறது. விலையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்த வீட்டை விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட்டுக்கு யார், எவ்வளவு, எந்த வேலைக்காகத் தருகிறார்கள் என்று யாரும் பேசுவதில்லை. இன்று அதைத்தான் பேசப் போகிறேன். கமிஷன் என்பது தரகரின் சொந்தக் கவலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கூலி எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, ஜப்தி வீடும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. கடந்த கால் நூற்றாண்டில் இந்த ஏற்பாடு பலமுறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும், குடியிருக்க வீடு தேடும் குடும்பம் எதையாவது பெற்றிருக்கிறது, அல்லது இழந்திருக்கிறது.

சாதாரண விற்பனையை முதலில் பார்த்துவிடுவோம். வீட்டுக்காரர் ஒரு லிஸ்டிங் ஏஜென்ட்டை, அதாவது தன் தரப்புத் தரகரை, அமர்த்துகிறார். மொத்தக் கமிஷன் வழக்கமாக விலையில் 5 முதல் 6 சதவீதம். அதில் ஏறக்குறைய பாதி, வாங்குபவரை அழைத்து வரும் ஏஜென்ட்டுக்குப் போகும். இரண்டு பங்கையும் விற்பவரே விற்ற பணத்திலிருந்து கொடுப்பது நெடுநாளைய வழக்கம். பேரம் பேசவும் கோபப்படவும் ஏஜென்ட்டை மாற்றவும் அங்கே ஓர் ஆள் இருக்கிறார்.

ஜப்தி வீட்டில் அப்படி ஓர் ஆள் இல்லை. கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் நீதிமன்றப் படி ஏறாமலே டிரஸ்டி ஒருவர் ஏலம் விட்டுவிடலாம். புளோரிடாவில் நீதிமன்றத்தின் வழியாக நடக்க வேண்டும். எப்படி நடந்தாலும், ஏலத்தில் வெளியாள் யாரும் எடுக்காவிட்டால் வீடு கடன் கொடுத்தவரின் பெயருக்கே வந்து சேரும். இந்த வீடுகளைத்தான் தொழிலில் ஆர்.இ.ஓ. என்கிறார்கள். விற்பவர் ஒரு வங்கியாக இருக்கலாம், ஃபேன்னி மே, ஃப்ரெடி மேக் ஆகிய பெரும் அடமான நிறுவனங்களாக இருக்கலாம், எஃப்.எச்.ஏ. என்ற மத்திய அரசு அமைப்பின் காப்பீடு பெற்ற கடன் என்றால் ஹட் எனப்படும் மத்திய வீட்டுவசதித் துறையாக இருக்கலாம். யாராக இருந்தாலும், முடிவெடுப்பவர் தொலைதூர நகரம் ஒன்றில் கணினித் திரைக்கு முன்னால் இருக்கிறார். அந்த வீட்டு வாசலை அவர் மிதித்ததே கிடையாது.

அதனால்தான் லிஸ்டிங் ஏஜென்ட்டின் வேலை இங்கே வேறு ஒன்றாகிவிடுகிறது. வீட்டுக்கடன் நெருக்கடி முற்றி, 2008 செப்டம்பரில் ஃபேன்னி மேயும் ஃப்ரெடி மேக்கும் அரசின் நேரடிப் பொறுப்பில் கொண்டுவரப்பட்டன. 2010 முடியும்போது ஃபேன்னி மேயின் கையில் மட்டும் 1,62,000-க்கும் மேற்பட்ட வீடுகள். ஃப்ரெடி மேக்கிடம் சுமார் 72,000. கலிபோர்னியாவின் ஸ்டாக்டன், நெவாடாவின் லாஸ் வேகஸ், புளோரிடாவின் கேப் கோரல், ஒஹாயோவில் கிளீவ்லாந்தின் ஸ்லாவிக் வில்லேஜ் ஆகிய இடங்களில் தெருத் தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. அந்தப் பூட்டுகளைத் திறந்து உள்ளே போன முதல் ஆள், பெரும்பாலும், உள்ளூர் லிஸ்டிங் ஏஜென்ட்தான்.

அவர் என்ன செய்தார் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். வீடு ஒதுக்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்ததும், ஓரிரு நாளுக்குள் போய் உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மின் மீட்டர் ஓடுகிறதா, தபால் பெட்டி நிரம்பி வழிகிறதா, கொல்லைப்புறத்தில் துணி காய்கிறதா என்று கவனிப்பார். ஆள் இருந்தால் கதவைத் தட்டி, அந்த வீட்டை நேற்றுவரை தன் வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தவரிடம், இனி அது அவருடையதில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, குறிப்பிட்ட தேதிக்குள் காலி செய்து, பெருக்கிச் சுத்தமாக ஒப்படைத்தால் சில ஆயிரம் டாலர் கிடைக்கும் என்ற பேச்சைத் தொடங்க வேண்டும். தொழிலில் இதற்கு ‘கேஷ் ஃபார் கீஸ்’ என்று பெயர். கடைசி நாளில், வீட்டு வாசலிலேயே ஒரு கையில் சாவிக்கொத்தும் மறு கையில் காசோலையும் மாறும். அந்தக் காசோலையை நீட்டுகிறவரும் அவர்தான். குடியிருப்பவர் வாடகைக்காரர் என்றால் வேறு சட்டம். 2009 மே மாதம் கையெழுத்தான மத்தியச் சட்டம், உண்மையான வாடகைக்காரருக்கு 90 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது. அது 2014 இறுதியில் காலாவதியாகி, 2018-ல் நிரந்தரமாகத் திரும்பி வந்தது. இது தெரியாத ஏஜென்ட் ஒரு குடும்பத்தைச் சட்டவிரோதமாகத் தெருவில் நிறுத்திவிட முடியும்.

வீடு காலியானதும் பூட்டு மாற்றம். விட்டுப்போன சோபா, மெத்தை, குழந்தையின் சைக்கிள் எல்லாவற்றையும் அள்ளிக் குப்பைக்கு அனுப்ப வேண்டும். குளிர்ப் பிரதேசத்தில் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்கத் தண்ணீரை முழுக்க வடித்து, கழிப்பறை மூடியில் எச்சரிக்கைத் தாள் ஒட்ட வேண்டும். மின்சாரம், தண்ணீர்க் கட்டணங்களைப் பெரும்பாலும் தன் கைக்காசிலிருந்து கட்டிவிட்டு, ரசீதை அனுப்பித் திரும்பப் பெற வேண்டும். தாமதமாக அனுப்பினால் வராது. அக்கம்பக்கத்தில் விற்ற வீடுகளோடு ஒப்பிட்டு விலைக் கருத்து எழுதித் தர வேண்டும். புல் வளர்ந்துவிட்டது என்று நகராட்சி அபராத நோட்டீஸ் ஒட்டினால் அதற்கும் ஓட வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் வீடு விற்பனைப் பட்டியலில் ஏறும். வீட்டு விற்பனை என்று நாம் நினைப்பது இந்த வேலையின் கடைசிப் பகுதி மட்டுமே.

இதற்குக் கூலி, விற்ற விலையில் ஒரு சதவீதக் கணக்கு. அதையும் நிர்ணயிப்பது விற்கும் நிறுவனம். ஏஜென்ட் பேரம் பேச முடியாது. நிறுவனத்துக்கும் ஏஜென்ட்டுக்கும் இடையில் சொத்து நிர்வாக நிறுவனம் ஒன்று இருந்தால், வேலை கொடுத்ததற்காக ஏஜென்ட்டின் பங்கிலிருந்து அது கணிசமாக எடுத்துக்கொள்ளும். வேலை ஒதுக்கும் இணையதளத்துக்கும் கட்டணம் உண்டு. மிச்சத்தில்தான் அவருடைய அலுவலகத்தின் பங்கு போக வேண்டும்.

இந்தச் சதவீதக் கணக்கில்தான் என் முதல் மனக்குறை. 5,00,000 டாலர் வீட்டில் இரண்டரை சதவீதம் 12,500 டாலர். 20,000 டாலர் வீட்டில் அதே இரண்டரை சதவீதம் 500 டாலர். கிளீவ்லாந்திலும் டெட்ராய்ட்டிலும் அந்த விலைக்கும், அதற்குக் கீழும், வீடுகள் விற்றன. பூட்டு மாற்றுவதற்கும் குப்பை அள்ளுவதற்கும் கதவைத் தட்டுவதற்கும் உழைப்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஏழைத் தெருவில் இன்னும் அதிகம். செப்புக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு போகும் திருடர்கள் அங்கேதான் வருவார்கள். அப்படியானால் எந்த வீட்டை ஏஜென்ட் தினமும் போய்ப் பார்ப்பார், எதை முதலில் வந்த மொத்த முதலீட்டாளரிடம் தள்ளிவிட்டு நிம்மதியடைவார்? சில நிறுவனங்கள் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று வைத்துப் பார்த்தன. அந்தத் தொகையும் உழைப்புக்கு ஈடாகவில்லை என்பதே என் எண்ணம்.

இந்தக் குறையின் விளைவைக் காட்டும் வழக்கு ஒன்று உண்டு. தேசிய நியாய வீட்டுவசதிக் கூட்டமைப்பும் இருபது உள்ளூர் அமைப்புகளும் 2016-ல் ஃபேன்னி மே மீது வழக்குத் தொடுத்தன. வெள்ளையர் தெருக்களில் இருந்த ஜப்தி வீடுகளில் புல் வெட்டப்பட்டு, கதவு ஜன்னல் பழுது பார்க்கப்பட்டிருந்தன. கறுப்பின, லத்தீன் மக்கள் வாழும் தெருக்களில் அதே நிறுவனத்தின் வீடுகள் குப்பை மேடாகவும் பலகை அடித்த ஜன்னலோடும் கிடந்தன என்பது புகார். ஆயிரக்கணக்கான புகைப்படங்களோடு போனார்கள். 2022 பிப்ரவரியில் 5 கோடியே 30 லட்சம் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. இதற்கு இனப் பாகுபாடு உட்படப் பல காரணங்கள் உண்டு. ஆனால் மலிவான வீட்டைக் கவனிக்க மலிவான கூலி என்ற கணக்கு, அந்தப் பாகுபாட்டுக்கு வசதியாக வழி திறந்துவிட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உள்ளூர் ஏஜென்ட்டை நான் உயர்த்திப் பேசுவதால், அவர்கள் எல்லோரும் புனிதர்கள் என்று சொல்வதாக எண்ண வேண்டாம். ஆயிரக்கணக்கான வீடுகளை யாருக்கு ஒதுக்குவது என்ற அதிகாரம் நிறுவனத்தின் சில ஊழியர்கள் கையில் குவிந்தபோது லஞ்சமும் சேர்ந்து வந்தது. தெற்குக் கலிபோர்னியாவில் ஃபேன்னி மே ஊழியர் ஒருவர், வீடு ஒதுக்குவதற்காக ஏஜென்ட்டின் கமிஷனில் பங்கு கேட்டு வாங்கிய வழக்கில் தண்டிக்கப்பட்டார். அதே வட்டாரத்தில் இன்னொரு ஊழியரை, பத்து லட்சம் டாலருக்கும் மேல் கையூட்டு வாங்கிய குற்றத்துக்காக 2019-ல் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. வேறு இடங்களில், தன் ஆளுக்கே வீடு போக வேண்டும் என்று அதிக விலைக்கு வந்த விண்ணப்பத்தை மறைத்த ஏஜென்ட்டுகளும் சிக்கினார்கள். ஆகவே மாற்றம் தேவைப்பட்டது. வந்த மாற்றம் யாருக்கு உதவியது என்பதுதான் கேள்வி.

ஒரு மாற்றம், வேலையைத் துண்டு போட்டது. ஹட் 1999-ல் தன் வீடுகளைப் பராமரித்து விற்கும் பொறுப்பைத் தனியார் ஒப்பந்த நிறுவனங்களிடம் கொடுத்தது. 2010-ல் அந்த ஒப்பந்தத்தையும் பிரித்தார்கள். வீட்டைப் பாதுகாப்பது ஒரு நிறுவனம்; விற்பது இன்னொரு நிறுவனம். ஒரே ஆளிடம் எல்லாம் இருந்தால் ஏமாற்றுவது எளிது என்பது இதற்கான நியாயம். அது சரியான நியாயம்தான். ஆனால் தெருவாசிக்கு என்ன ஆனது? பக்கத்து வீட்டுக் கூரை ஒழுகி உங்கள் சுவரில் ஈரம் ஏறினால், விற்பனைப் பலகையில் இருக்கும் எண்ணைக் கூப்பிடுவீர்கள். லிஸ்டிங் ஏஜென்ட், பராமரிப்பு என் வேலை இல்லை என்பார். பராமரிப்பு நிறுவனம் வேறு மாநிலத்தில் இருக்கும். வேலை செய்பவர் அதன் துணை ஒப்பந்தக்காரருக்குத் துணை ஒப்பந்தக்காரர். பொறுப்பு எங்கே இருக்கிறது என்று தேடியே மழைக்காலம் முடிந்துவிடும்.

இன்னொரு மாற்றம் இணைய ஏலம். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கமிஷன் மறைந்துவிட்டது என்ற மயக்கத்தை இது தருகிறது. ஆக்ஷன்.காம், ஹப்ஸு, ஸோம் முதலிய தளங்களில் ஜப்தி வீடுகள் ஏலத்துக்கு வருகின்றன. லிஸ்டிங் ஏஜென்ட்டின் பெயர் பக்கத்தில் இருக்கும். அவர் பங்கு பெரும்பாலும் சாவிப் பெட்டியின் எண்ணைச் சொல்வதோடு நின்றுவிடும். விற்பவர் தரும் கமிஷன் குறைகிறது. அதற்குப் பதிலாக வாங்குபவர் தலையில் ‘பையர்ஸ் பிரீமியம்’ ஏறுகிறது, பெரும்பாலும் 5 சதவீதம். 2,00,000 டாலருக்கு ஏலம் கேட்டு ஜெயித்தால், கையெழுத்திடும்போது 2,10,000 டாலர். அந்தப் பத்தாயிரம், முன்பு விற்பவர் கொடுத்த கமிஷனின் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பல வீடுகளை உள்ளே போய்ப் பார்க்கக்கூட முடியாது. பார்க்காமல், ரொக்கமாக, சில வாரங்களில் முடிக்கக்கூடியவர் யார்? முதலீட்டாளர்தான். எஃப்.எச்.ஏ. கடனோடு வரும் பள்ளி ஆசிரியரோ செவிலியரோ அங்கே நிற்க முடியாது.

ஏலத் தளத்தை நடத்துபவரும் கடனை வசூலிப்பவரும் உறவுக்காரர்களாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2014 ஏப்ரலில் நியூயார்க் மாநில நிதிச் சேவைத் துறையின் தலைவர் பெஞ்சமின் லாஸ்கி, ஆக்வென் என்ற கடன் வசூல் நிறுவனத்துக்குப் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார். ஆக்வெனோடு தொடர்புடைய ஆல்டிசோர்ஸ் நிறுவனத்தின் தளம்தான் ஹப்ஸு. ஆக்வென் கையில் இருந்த வீடுகளுக்கு அந்தத் தளம் 4.5 சதவீதம் வரை கட்டணம் வாங்கியது. வெளிச் சந்தையில் போட்டியிட்டு வாங்கிய வேலைக்கு 1.5 சதவீதம் வரை குறைத்துக்கொண்டது. ஏன் என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அது. கூடுதல் கட்டணம், கடைசியில், வீட்டை இழந்தவரின் கணக்கிலும் கடனில் முதலீடு செய்தவரின் கணக்கிலும்தான் விழும். ஆக்வென் மீதிருந்த பல புகார்களுக்குமாக அந்த ஆண்டு டிசம்பரில் 15 கோடி டாலர் சமரசம் ஏற்பட்டது. நிறுவனர் வில்லியம் எர்பி பதவி விலகினார். உள்ளூர்த் தரகரின் கமிஷனைப் பெரிதாகப் பேசும் நாம், இந்த அளவிலான கட்டணங்களைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

நல்ல மாற்றங்களும் உண்டு. ஃபேன்னி மே 2009-ல் ‘ஃபர்ஸ்ட் லுக்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. பட்டியலில் ஏறிய முதல் சில நாட்களுக்கு, குடியிருக்க வாங்குபவர்களிடமிருந்தும் லாப நோக்கற்ற, அரசு அமைப்புகளிடமிருந்தும் மட்டுமே விண்ணப்பம் ஏற்பார்கள். முதலீட்டாளர் காத்திருக்க வேண்டும். 15 நாளில் தொடங்கிய அந்தக் காலம் 2021-ல் 30 நாளாக நீண்டது. குடியிருக்க வாங்குபவர் குறைந்தது ஓராண்டு அங்கே குடியிருப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைக் காப்பாற்றுவது லிஸ்டிங் ஏஜென்ட்டின் நேர்மைதான். சாவிப் பெட்டியை நேரத்தில் மாட்டுவது, தண்ணீர் இணைப்பைக் கொடுத்து ஆய்வுக்கு வழி செய்வது, தொலைபேசியை எடுப்பது. இவற்றைச் செய்யாமல் 30 நாளையும் ஓட்டிவிட்டால் முதலீட்டாளருக்கே வழி விட்டதாகும்.

ஷார்ட் சேல் எனப்படும் விற்பனையிலும் ஒரு நல்ல விதி வந்தது. கடன் பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு, ஜப்திக்கு முன்பே, வங்கியின் சம்மதத்தோடு வீட்டுக்காரரே விற்பது அது. மாதக்கணக்கில் ஏஜென்ட் தாள்களைச் சுமந்து, வாங்குபவரை ஓடிவிடாமல் பிடித்து வைத்திருப்பார். கடைசி நாளில் வங்கி, உன் கமிஷனைக் குறைத்தால்தான் சம்மதம் என்று சொல்லும். இதனால் பல ஏஜென்ட்டுகள் ஷார்ட் சேல் பக்கமே வருவதை நிறுத்தினார்கள்; நஷ்டம் வீட்டுக்காரருக்கு. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஹாஃபா என்ற மத்திய அரசுத் திட்டம், ஒப்பந்தத்தில் எழுதிய கமிஷனை, 6 சதவீதம் வரை, வங்கி வெட்டக் கூடாது என்றது. வெளியேறும் குடும்பத்துக்கு இடம் மாறும் செலவுக்காக 3,000 டாலர் கொடுக்கவும் வழி செய்தது. தரகரின் கூலியும் குடும்பத்தின் பாதுகாப்பும் ஒரே விதியில் சேர்ந்து நின்ற அபூர்வமான இடம் அது.

இப்போது 2024-க்கு வருவோம். வீட்டுத் தரகர்களின் அமைப்பான தேசிய ரியல்டர்கள் சங்கத்தின் மீதும் தரகு நிறுவனங்கள் மீதும் தொடரப்பட்ட வழக்கில் 2023 அக்டோபர் 31 அன்று கன்சாஸ் சிட்டி நடுவர் குழு, கமிஷனை உயர்வாக வைத்திருக்கக் கூட்டுச் சேர்ந்தார்கள் என்று தீர்ப்புச் சொன்னது. இழப்பீடு ஏறக்குறைய 180 கோடி டாலர். அடுத்த மார்ச்சில் சங்கம் 41 கோடியே 80 லட்சம் டாலருக்குச் சமரசத்துக்கு வந்தது. 2024 ஆகஸ்ட் 17 முதல், எம்.எல்.எஸ். என்னும் பொதுப் பட்டியலில், வாங்குபவரின் ஏஜென்ட்டுக்கு இவ்வளவு தருவோம் என்று விற்பவர் எழுத முடியாது. வாங்குபவர், வீட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே, தன் ஏஜென்ட்டுக்கு எவ்வளவு என்று சொல்லும் எழுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.

வெளிப்படைத்தன்மை நல்லது. இந்தச் சீர்திருத்தத்தை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஜப்தி வீட்டில் இது வேறு விதமாக வலிக்கும். சாதாரண விற்பனையில் வாங்குபவர், என் ஏஜென்ட்டின் கூலியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரரைக் கேட்கலாம். அவர் யோசிப்பார், விட்டுக்கொடுப்பார். ஜப்தி வீட்டில் எதிரே இருப்பது ஒரு கொள்கை ஆவணம். அதில் இருந்தால் தருவார்கள், இல்லாவிட்டால் இல்லை. முன்பணத்துக்கே மூச்சுத் திணறும் முதல் தலைமுறை வாங்குபவர், ஏஜென்ட்டுக்கும் கையிலிருந்து கொடுக்க வேண்டுமென்றால் ஏஜென்ட்டே வேண்டாம் என்று தனியாகப் போவார். பழுதான கூரையும் கட்டாத வரிப் பாக்கியும் உள்ள வீட்டை வாங்கும்போதுதான் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். முன்னாள் படைவீரர்களுக்கான கடனில் வாங்குபவர் தரகு கொடுக்கவே கூடாது என்ற பழைய விதியை, 2024 ஆகஸ்டில் படைவீரர் நலத் துறையான வி.ஏ. தற்காலிகமாகத் தளர்த்தியது. தளர்த்தாமல் இருந்திருந்தால் பல வீடுகளுக்கு அவர்கள் போட்டியிடவே முடியாமல் போயிருக்கும்.

நான் கேட்பது இதுதான். வீட்டைக் காப்பதற்கும் குடியிருப்பவரிடம் பேசுவதற்கும் தனியாக, விலையோடு தொடர்பில்லாத கூலி கொடுங்கள். விற்பதற்கு மட்டும் சதவீதம் இருக்கட்டும். ஏலத் தளங்கள் பிரீமியத்தையும் சேர்த்த தொகையைத்தான் விலை என்று பெரிய எழுத்தில் காட்ட வேண்டும். அரசின் பொறுப்பில் இருக்கும் ஃபேன்னி மேயும் ஃப்ரெடி மேக்கும், குடியிருக்க வாங்குபவரின் ஏஜென்ட்டுக்கு என்ன தருவோம் என்பதைத் தங்கள் இணையதளத்தில் ஒவ்வொரு வீட்டோடும் எழுதி வைக்க வேண்டும். எம்.எல்.எஸ்.-க்கு வெளியே எழுதுவதை அந்தச் சமரசம் தடுக்கவில்லை.

கடைசியாக, நம் மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஏ.பி. 2424 என்ற சட்டம். லிஸ்டிங் ஏஜென்ட்டை ஏலத்துக்குப் பின்னாலிருந்து ஏலத்துக்கு முன்னால் கொண்டுவருகிறது இது. வீட்டுக்காரர், உரிமம் பெற்ற தரகரோடு செய்துகொண்ட விற்பனை ஒப்பந்தத்தை, ஏலத் தேதிக்கு ஐந்து வேலை நாட்களுக்கு முன்பாவது டிரஸ்டியிடம் சேர்த்துவிட்டால், ஏலம் குறைந்தது 45 நாள் தள்ளிப்போகும். அதற்குள் வாங்குபவர் கிடைத்து, விற்பனை உடன்படிக்கையையும் அதேபோல் முன்கூட்டியே காட்டினால் இன்னொரு 45 நாள். முதல் ஏலத்தில், சந்தை மதிப்பில் 67 சதவீதத்துக்குக் கீழே வீட்டை விற்கவும் முடியாது. இங்கே ஏஜென்ட்டை அமர்த்துவது வீட்டுக்காரர். கமிஷன் விற்ற பணத்திலிருந்து. கடன் அடைந்து மிஞ்சுவது அந்தக் குடும்பத்துக்கு. வீட்டின் விலை ஏறியிருக்கும் இந்தக் காலத்தில் அந்த மிச்சம் பல குடும்பங்களின் ஆயுள் சேமிப்பு.

உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது வங்கியிலிருந்து தவணைத் தவறல் அறிவிப்பு வந்தால், அவமானம் என்று அதை மேஜை இழுப்பறையில் வைக்க விடாதீர்கள். கலிபோர்னியாவில் அந்த அறிவிப்பு பதிவானதிலிருந்து மூன்று மாதம், அதன் பின் ஏல அறிவிப்பிலிருந்து ஏலம் வரை குறைந்தது இருபது நாள் அவகாசம் இருக்கிறது. ஹட் அங்கீகரித்த ஆலோசகரிடம் போனால், ஜப்தியைத் தவிர்க்கும் ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள். வீட்டை வைத்துக்கொள்ளவே வழியில்லை என்றால், ஏல அறிவிப்பு வரும்வரை காத்திராமல் அந்த முதல் மூன்று மாதத்திலேயே உள்ளூர் ஏஜென்ட் ஒருவரோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்லுங்கள். கமிஷன் எவ்வளவு, அதற்கு அவர் என்னென்ன வேலை செய்வார் என்பதை அந்த ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கச் சொல்லுங்கள்.